திரையில் என்ன தெரிகிறது? அறிகுறியை வைத்துக் கணினிக் கோளாறு நீக்கும் வழிமுறை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் மேசைக்கு வருகின்றன: "வைரஸ் பூந்துடுச்சுண்ணே." திறக்காத பைலுக்கும் அதே பேச்சு, சூடாகும் போனுக்கும் அதே பேச்சு. நான் பதிலுக்கு இரண்டு கேள்விதான் கேட்பேன். திரையில் என்ன தெரிந்தது? அதற்குச் சற்று முன்னால் எதைத் தொட்டீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் இந்த வழிமுறையையும் வைரஸ்களின் பெயர் வரிசையில் எழுதாமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

கணினியில் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இணையத்தை நிறுத்துவது. வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் உருவிவிடுங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வையுங்கள். அவசரப்பட்டு பார்மெட் பண்ணாதீர்கள். மீட்டிருக்கக்கூடிய பைல்களை அந்த ஒரு பதற்றத்தில் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பென்டிரைவில் இருந்ததெல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாகத் தெரிகிறது

பள்ளிக்கூடப் பணித்தாளை அச்சடிக்கப் போட்டோஸ்டாட் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ்களில் இது சர்வசாதாரணம். உங்கள் பைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை இருமுறை தட்டாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். வலது பொத்தானை அழுத்தி 'புராப்பர்டீஸ்' போய் 'டார்கெட்' என்ற வரியைப் படித்துப் பாருங்கள். உங்கள் போல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கட்டளை நீளமாக எழுதியிருக்கும். நீங்கள் தட்டியதும் அது வைரசையும் ஓட்டும், கூடவே உங்கள் போல்டரையும் திறந்து காட்டும். போல்டர் திறந்துவிட்டதே என்று நாமும் சந்தேகப்படாமல் வேலையைப் பார்ப்போம்.

சரி, பைலை எப்படி வெளியே எடுப்பது? பைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' பட்டியலுக்குப் போய் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'வியூ' பக்கத்தில், இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட பைல்களை மறைக்கும் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பல நேரம் பெயரே இல்லாத ஒரு போல்டர் தலைகாட்டும், உங்களுடையதெல்லாம் அதற்குள் இருக்கும். அதிலிருந்து வேர்ட், பிடிஎஃப், படங்கள் ஆகியவற்றை மட்டும் கணினிக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட்டுகளையும் பழக்கமில்லாத பைல்களையும் தொடாதீர்கள். அப்புறம் பென்டிரைவை பார்மெட் செய்யுங்கள். பைல் கைக்கு வந்துவிட்டதால் இந்த இடத்தில் பார்மெட் சரியான வேலைதான். எடுத்த டிக்கையும் பழையபடி போட்டுவிடுங்கள்.

இத்தோடு விட்டால் நாளைக்கே திரும்பி வரலாம். பார்மெட் செய்த பென்டிரைவைக் கழற்றி, ஒரு பைலைப் போட்டு, மறுபடி செருகிப் பாருங்கள். ஷார்ட்கட் மீண்டும் முளைத்தால் நோய் உங்கள் கணினியில்தான் இருக்கிறது. விண்டோசோடு சேர்ந்தே வரும் காவல் நிரலான விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு. கணினியைத் திரும்பத் தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். எழுந்து ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ளும் என்பதால், அதை எழவிடாமல் பிடிப்பதே இதன் பலம்.

திரை முழுக்கச் சிவப்பு, அலறும் சத்தம், நடுவில் ஒரு போன் நம்பர்

இது வெறும் இணையப் பக்கம். கணினிக்குள் பெரும்பாலும் ஒன்றும் நுழைந்திருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி பிரவுசரை மூடுங்கள். திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பரை அழைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பக்கத்தை மூடிய பிறகும் திரையின் வலது மூலையில் "5 வைரஸ்கள்" என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால், எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்துவிட்டீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்ஸ்' பட்டியலைத் திறந்து தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள், போதும்.

ஒன்றும் செய்யாமலே விசிறி இரைகிறது, கணினி ஊர்கிறது

முதலில் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். செம்மண் புழுதி பறக்கும் தோட்டப் பாதையோரம் வீடு என்றால் காரணம் பெரும்பாலும் தூசிதான். துடைத்தும் நிற்கவில்லை என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அது திறந்த அந்தக் கணமே விசிறி அடங்கி, மூடியதும் மறுபடி இரையத் தொடங்கினால், உங்கள் மின்சாரத்தில் யாரோ கிரிப்டோ நாணயம் (கணினிக் கணக்குகளால் உருவாகும் மின்னணுப் பணம்) தோண்டுகிறார்கள் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வது அந்த வகை நிரல்களின் வழக்கம்.

இதற்கு நான் முதலில் பார்க்கும் இடம் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற பட்டியல் இருக்கிறது. 'இந்த இடங்களைச் சோதிக்காதே' என்று காவல் நிரலுக்குச் சொல்லும் பட்டியல் அது. நீங்களாக எதையும் சேர்க்காதவரை காலியாக இருக்க வேண்டும். விண்டோசை இலவசமாக ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் நிரலை ஓட்டிய கணினிகளில், சி டிரைவ் முழுவதுமே அந்தப் பட்டியலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் "பாதுகாப்பாக உள்ளது" என்றுதான் வரும். பட்டியலைக் காலி செய்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள்.

பைல் பெயருக்குப் பின்னால் புதிதாக நாலெழுத்து; எதுவும் திறக்கவில்லை

நான் பயப்படும் அறிகுறி இது. படம், வேர்ட், எக்செல் எதுவானாலும் பெயரின் வாலில் அர்த்தமில்லாத நாலெழுத்து ஒட்டியிருக்கும். போல்டருக்குப் போல்டர் 'ரீட்மீ' என்ற பெயரில் ஒரு கடிதம், பணம் கேட்டு.

கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினார். வீடியோ தொகுக்கும் நிரலின் திருட்டுப் பிரதியை இறக்கியிருக்கிறார். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அதிலேயே குறிப்பு இருந்ததாம், அணைத்திருக்கிறார். மூன்று கல்யாணம், ஒரு பூப்புனித நீராட்டு விழா, எல்லாம் பூட்டிக்கொண்டன. நகல் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அந்த நேரம் செருகியே இருந்ததால் அதுவும் போயிற்று. கடிதத்தில் 980 டாலர் கேட்டிருந்தார்கள், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490. ஸ்டாப் அல்லது டெஜாவு என்று அழைக்கப்படும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வீட்டுக் கணினிகளைக் குறிவைத்து, திருட்டு மென்பொருள் வழியாகவே பரவியது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எதை மீட்கலாம், எதை முடியாது என்பது புரியும். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம், திறக்கும் சாவி மட்டும் பொறுப்பாளரிடம். வைரஸ் உங்கள் பைல்களை ஒரு சின்னச் சாவியால் வேகமாகப் பூட்டுகிறது. பூட்டி முடித்ததும் அந்தச் சின்னச் சாவியைத் தான் கொண்டுவந்த உண்டியலுக்குள் போட்டுவிடுகிறது. உண்டியலின் சாவி உங்கள் கணினிக்கு வரவே இல்லை, குற்றவாளியின் கணினியில் இருக்கிறது. அதனால்தான் வைரஸை நீக்கினாலும் பைல் திறப்பதில்லை. வாலில் ஒட்டிய நாலெழுத்தை அழித்துப் பெயரை மாற்றினாலும் திறக்காது. வங்கித் தளத்தில் நீங்கள் கடவுச்சொல் அடிக்கும்போது அதைக் காப்பாற்றுவதும் இதே குறியாக்கம்தான். சாவி யார் கையில் இருக்கிறது என்பது ஒன்றே வேறுபாடு.

இந்த அறிகுறியைப் பார்த்ததும், ஹார்ட் டிஸ்க் விளக்கு இன்னும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பூட்டிய பைல்களையும் கடிதத்தையும் அழிக்காதீர்கள், தனி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். இன்று திறக்காதது பிறகு திறக்கலாம். பிறகு நல்ல கணினி ஒன்றிலிருந்து 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கிய இலவசச் சேவை அது. பூட்டிய ஒரு பைலையும் கடிதத்தையும் கொடுத்தால், எந்தக் குடும்பம், திறக்கும் கருவி இருக்கிறதா என்று சொல்லும்.

டெஜாவு குடும்பத்தில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரோடு பேச முடியாமல் போனால், உள்ளே பொதிந்து வைத்திருக்கும் ஒரே பொதுச் சாவியால் பூட்டிவிடும். அதே வகையில் அப்படி மாட்டிய எல்லாருக்கும் சாவி ஒன்றுதான் என்பதால், அது எங்காவது வெளியே வந்தால் எல்லாருக்கும் திறக்கும். கடிதத்தின் அடியில் இருக்கும் உங்கள் அடையாளக் குறியின் கடைசி இரண்டு எழுத்து 't1' என்று முடிந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவியைப் போட்டுப் பாருங்கள். இன்று சாவி இல்லை என்று சொன்னால் சில மாதம் கழித்து மறுபடி முயலுங்கள்.

அந்தத் தம்பியின் குறி அப்படி முடியவில்லை. ஆனால் இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. சில ஜிகாபைட் நீளமுள்ள கல்யாண வீடியோவில் அது தலைமுடி அளவு. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், பூட்டிய தலைப்பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஓடவைக்கும் கருவிகள் இருக்கின்றன. மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். தாலி கட்டும் காட்சி திரையில் ஓடியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வீடியோக்களில் பெரும்பாலானவை மீண்டன, புகைப்படங்களில் நிறையப் போய்விட்டன. ஈப்போவில் அக்கா வீட்டில் வைத்திருந்த இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கல்யாணம் மட்டும் முழுதாக இருந்தது. எந்தக் கணினியோடும் செருகாமல் அலமாரியில் கிடந்ததால் தப்பியது.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் அங்கே பழைய வடிவங்களைத் தேடுங்கள். சுமார் 30 நாள் வரை வைத்திருப்பார்கள். மீட்க வேண்டியதை மீட்ட பிறகு விண்டோசைப் புதிதாக நிறுவுங்கள், சுத்தம் செய்து ஒப்பேற்ற வேண்டாம். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இந்தக் குடும்பம் கடவுச்சொல் திருடும் நிரலையும் கூடவே இறக்கிவிடும் வழக்கமுடையது. உதவி தேவைப்பட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு 1-300-88-2999 என்ற எண்ணில் சொல்லலாம். பணம் கட்டச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை கொடுப்பதில்லை. கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "நூறு சதவீதம் மீட்டுத்தருகிறோம்" என்று இணையத்தில் விளம்பரம் செய்கிறவர்களிடமும் கவனமாக இருங்கள். அவர்களில் சிலர் உங்களிடம் கூடுதலாக வாங்கி, குற்றவாளிக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. 2017 மே 12இல் உலகத்தையே உலுக்கிய வான்னாகிரை என்ற பைல் பூட்டும் வைரஸ், யாரும் எதையும் தட்டாமலே கணினிக்குக் கணினி தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதில் இன்னும் வங்கி வேலை பார்க்கிறவர்கள் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். பழைய கணினி ஏற்காது என்றால், 2026 அக்டோபர் வரை நீட்டித்திருக்கும் பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேருங்கள்.

கல்யாணப் பத்திரிகையைத் தொட்டேன், திறக்கவில்லை. அப்புறம் வங்கி எஸ்எம்எஸ் வருவதில்லை

"தம்பி, பத்திரிகைதான்பா வந்துச்சு. தொட்டேன், ஏதோ கேட்டுச்சு, ஓகே ஓகேன்னு குடுத்தேன். ஒண்ணும் தெறக்கல." தோட்ட வீட்டிலிருந்து வந்த அக்கா சொன்னது. அனுப்பியது சொந்தக்காரரின் வாட்சாப் எண், அவருடைய போனும் ஏற்கெனவே மோசடிக்காரர் பிடியில் இருந்தது. படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ வரும் பத்திரிகை, எதையும் நிறுவச் சொல்லாது. பைல் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆப். அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வங்கி அனுப்பும் குறியீட்டை உங்களுக்கு முன்னால் படித்துவிடும். அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களிலும் இதே வலை வருகிறது.

இங்கே வரிசை மாறக்கூடாது. முதலில் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வீட்டில் இருக்கும் வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். 'கில் சுவிட்ச்' என்றால் அவர்களுக்குப் புரியும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 997, தேசிய மோசடி எதிர்வினை மையம். நிமிடக் கணக்கில் பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடும் என்பதால், போனைச் சுத்தம் செய்வதெல்லாம் இதற்கு அப்புறம்தான். போலீஸ் புகாரும் கொடுத்துவிடுங்கள்.

இப்போது போனுக்கு வரலாம். பவர் பட்டியலில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் 'சேஃப் மோட்' கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாது. செட்டிங்ஸின் ஆப் பட்டியலில் தேடுங்கள். முகப்பில் ஐகான் மறைந்திருந்தாலும் இங்கே இருக்கும். நீக்கும் பொத்தான் மங்கலாகத் தெரிந்தால், 'டிவைஸ் அட்மின்', 'அக்சசிபிலிட்டி' இரண்டு இடங்களிலும் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதியைப் பிடுங்கிவிட்டு மறுபடி முயலுங்கள். வங்கி ஆப் வைத்திருக்கும் போன் என்றால், படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு முழுவதுமாக ரீசெட் செய்துவிடுவதே என் வழக்கம். அந்த அக்காவின் போனையும் அப்படித்தான் செய்தேன். கணக்கில் இருந்த பணம் தப்பியது, மகள் சமயோசிதமாக உடனே வங்கிக்கு அழைத்திருந்தாள்.

"நீயா காசு கேட்டே?" என்று நண்பர்கள் அழைக்கிறார்கள்

உங்கள் வாட்சாப் வேறொருவர் கையில் இருக்கிறது. உங்கள் எண்ணை வைத்தே மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தைப் போட்டதும் அவர் வெளியே தள்ளப்படுவார். அவர் இரட்டைப் பூட்டுக்கு ஒரு பின் நம்பரை வைத்துவிட்டிருந்தால், நீங்கள் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவரும் உள்ளே இருக்க முடியாது. உங்கள் போனில் வாட்சாப் வழக்கம்போல் ஓடிக்கொண்டே இது நடந்தால், 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கணினியை லாக்அவுட் செய்யுங்கள். பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டால், முன்பு புகார் வந்த கணக்கா என்று தெரியும்.

நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

இதையும் வைரஸ் என்றுதான் கொண்டுவருகிறார்கள். இது உங்கள் கணினியே போட்ட பூட்டு, பெயர் பிட்லாக்கர். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கோடு முதன்முதலில் உள்ளே போகும்போதே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். மடிக்கணினி திருடு போனால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திருடனுக்கு ஒன்றும் கிடைக்காது. அன்றாடம் திறக்கும் வேலையை உள்ளே இருக்கும் சிப் ஒன்று பார்த்துக்கொள்வதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் அப்டேட் ஆனாலோ சில நேரம் அந்தச் சிப்புக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும். அப்போதுதான் சாவி கேட்கும்.

சாவி பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்குப் பக்கத்தில் உங்கள் கருவியின் பெயருக்குக் கீழே இருக்கும். வேறு கணினியிலோ போனிலோ அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தால் கல்லூரியின் கணினிப் பிரிவில் கேளுங்கள். எங்குமே இல்லை என்றால் உள்ளே இருப்பதை என்னாலும் எடுக்க முடியாது, மைக்ரோசாப்டாலும் எடுக்க முடியாது. அழித்துப் புதிதாக நிறுவலாம், அவ்வளவுதான்.

கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். மதர்போர்டு மாற்றியதும் நீலத் திரை. ஆய்வேடு முழுக்க உள்ளே. அவளுடைய கணக்கில் தேடினோம், சாவி இல்லை. அப்பாவின் கணக்கிலும் இல்லை.

"இந்த லேப்டாப்ப முதல்ல செட் பண்ணிக் குடுத்தது யாரும்மா?"

"ஜொகூர்ல இருக்கற மாமா பையன்ணே. தீபாவளிக்கு வந்தப்போ."

அழைத்தோம். வேலையில் இருந்தான். தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான், அது அவனுக்கே மறந்துவிட்டது. கணக்கைத் திறந்து அடையாளத்தின் எட்டு எழுத்தைப் படித்தான், திரையில் இருந்ததோடு பொருந்தியது. அப்புறம் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், அப்பா பக்கத்தில் நின்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்தாவது தொகுதியில் ஓர் எண் தவறி, திரை ஏற்கவில்லை. திருத்தினாள். கடைசி எண் போட்டதும் விண்டோஸ் எழுந்தது.

உடனே ஆய்வேட்டை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். கணினியை அவளுடைய சொந்தக் கணக்குக்கு மாற்றி, சாவி அங்கே சேர்ந்துவிட்டதா என்று போனில் திறந்து பார்த்தோம். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பைலில் வைக்கப்போவதாகச் சொன்னார்.